ரொட்டி மாவு உப்பும் நேரத்தில் ஒரு குயில்ட்

ரொட்டி சுடுவதில் கைவேலை எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம்தான். மிச்சம் நான்கைந்து மணி நேரமும் காத்திருப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. அதற்காக மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த மேல்துணி, நடுவே பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கை ஒன்றாகத் தைத்த போர்வைதான் குயில்ட். அதைத் தைக்க இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மாதங்களில் பலர் இந்த இரண்டையும் சேர்த்தே செய்வது அதனால்தான். ஆனால் குளிர்கால வீட்டுக் காற்று இரண்டு வேலையையுமே கெடுக்கக்கூடியது. வெளியே மைனஸ் 15, உள்ளே 19 டிகிரி, ஓயாமல் வெப்பக் காற்றை ஊதும் ஃபர்னஸ். கோடையில் ஒழுங்காக உப்பிய மாவு இப்போது அசையாமல் கிடக்கும். கோடையில் சொன்னபடி கேட்ட துணி இப்போது கையில் ஒட்டிக்கொண்டு வரும். எது மாறுகிறது, எந்தத் தையல் வேலையை எந்த இடைவெளியில் வைத்துக்கொள்வது என்பதுதான் இந்தப் பதிவு.

பேசுவதற்கு ஒரு குயில்ட் வேண்டும். 48க்கு 60 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சோபாவில் காலை மூடிக்கொண்டு உட்காரப் போதுமான அளவு. ஒன்பது சின்னச் சதுரங்கள் சேர்ந்த நைன் பேட்ச் பிளாக் 40, ஒட்டுப் போடாத முழுச் சதுரம் 40. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் குறுக்கே 8, நெடுக்கே 10. முதல் குயில்ட்டுக்கு இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்பேன். நட்சத்திரமும் முக்கோணமும் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் முக்கோணம் வந்தால் ஒரு விளிம்பு கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்படும்; கிராஸ் விளிம்பு இஸ்திரி பட்டாலே இழுபடும்.

இங்கே துணி மீட்டரில் விற்கிறது, குயில்ட் அளவோ எல்லாம் அங்குலத்தில். அகலம் 42 முதல் 44 அங்குலம் என்று போட்டிருக்கும். இரண்டு பக்கக் கரையை வெட்டி எறிந்தால் நம்பி வேலை செய்யக்கூடியது 40 அங்குலம். எல்லாக் கணக்கையும் அந்த 40இல் போடுங்கள். அடர்நிறத் துணியில் 2½ அங்குலப் பட்டி 13, வெளிர்நிறத் துணியில் அதே அகலப் பட்டி 11. முழுச் சதுரங்களுக்கு வெளிர்நிறத்தில் 6½ அங்குலப் பட்டி 7. ஒரு பட்டியில் 6 சதுரம் விழும். ஆக அடர்நிறம் 32½ அங்குலம், 1 மீட்டர் வாங்கினால் போதும். வெளிர்நிறம் 73 அங்குலம். 2 மீட்டரில் கணக்குச் சரியாகத்தான் வரும், ஆனால் கடைக்காரர் கோணலாக வெட்டினால் நேராக்குவதிலேயே இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். 2.2 மீட்டராக வாங்குங்கள். குயில்ட்டின் விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். அடித்துணி 54க்கு 66 அங்குலம் வேண்டும். இதற்கு நீளவாக்கில் ஒட்டுப்போட்டால் 132 அங்குலத் துணி செலவாகும். ஒட்டு குறுக்கே வருவதுபோல் வைத்தால் 108 அங்குலம், 3 மீட்டரில் முடிந்துவிடும். பின்பக்கத் தையல் எந்தத் திசையில் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

பழைய பருத்திப் புடவைகளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்தலாம். ஆனால் குயில்ட் பருத்தியைவிடப் புடவைத் துணி மெல்லியது, நெசவும் இளக்கம். வெட்டும்போது நழுவும், விளிம்பில் இழை பிரியும். வெட்டுவதற்கு முன் நல்ல கஞ்சி போட்டு, காய்ந்து அட்டைபோல் ஆன பிறகு இஸ்திரி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தோய்த்துத் தோய்த்து நைந்த பாகத்தை விட்டுவிடுங்கள். முந்தானை, உள்சுற்று இரண்டிலும் துணி தெம்பாக இருக்கும். சரிகையை இதில் சேர்க்கவே வேண்டாம். செயற்கை இழை சரிகை பருத்திக்குரிய சூட்டில் சுருண்டுவிடும்.

இனி மாவு. 500 கிராம் மைதா, 340 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 25 கிராம் வெண்ணெய், 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். 9க்கு 5 அங்குல ரொட்டி டின் ஒன்றுக்கு இது சரியாக இருக்கும். கனடாவில் ஆல் பர்ப்பஸ் என்று விற்கிற மாவில் புரதம் அதிகம். ரொட்டிக்கென்று தனி மாவு தேடி அலைய வேண்டியதில்லை. மாவைக் கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். கப்பில் அமுக்கி அள்ளினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் வேறு எடை.

குளிர்காலத்தில் முதலில் தவறுவது தண்ணீரின் சூடுதான். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். அதில் பிசைந்த மாவு மதியம் வரை தூங்கும். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு ஒரு எளிய கணக்கு: 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூட்டையும் பிசையாத உலர்ந்த மாவின் சூட்டையும் கழியுங்கள். அறை 19, மாவு 19 என்றால் மிச்சம் 40. அதுதான் தண்ணீரின் சூடு. மிக்ஸரில் பிசைந்தால் உராய்வில் மாவு தானாகச் சூடேறும், அதற்காக இன்னும் சில டிகிரி குறைக்கலாம். கையால் பிசைந்தால் குறைக்க வேண்டாம். மாவு மூட்டை பேஸ்மென்ட்டில் 12 டிகிரியில் கிடந்தால் கணக்கு 47க்குப் போய்விடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது என்றாலும் எல்லைக்குப் பக்கத்தில் போவானேன். முதல் நாள் இரவே தேவையான மாவை நிறுத்துச் சமையலறையில் வைத்துவிட்டால் போதும்.

இரண்டாவது, ஃபர்னஸ் ஓடும் வீட்டில் மாவும் காய்ந்திருக்கும். கோடையில் 340 கிராம் தண்ணீரில் பதமாக வந்த மாவு ஜனவரியில் இன்னும் 10, 15 கிராம் குடிக்கும். எடுத்தவுடன் ஊற்றாமல், கலந்து 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிசையத் தொடங்கும்போது பாருங்கள். விரலில் லேசாக ஒட்ட வேண்டும். கட்டியாக, பாத்திரத்தோடு பேசாமல் உருண்டால் கையை நனைத்து நனைத்துப் பிசையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு சின்னத் துண்டை விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலியும்.

மூன்றாவது, ஈரத்துணி போட்டு மூடும் பழக்கம். நம் ஊரில் அது சரி. இங்கே ஒரு மணி நேரத்தில் துணி காய்ந்து, மாவின் மேலும் தோல் கட்டிவிடும். தோல் கட்டிய மாவு அதற்குமேல் விரியாது. ஓவனுக்குள் போனதும் பக்கவாட்டில் வெடிக்கும். இறுக்கமான மூடி போட்ட டப்பா, இல்லையென்றால் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாள். பக்கங்கள் நேராக நிற்கும் கண்ணாடி ஜாடி என்றால் இன்னும் நல்லது: மாவு நிற்கும் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் இரட்டிப்பானதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. வட்டக் கிண்ணத்தில் கண் ஏமாற்றும்.

19 டிகிரி அறையில் முதல் உப்பல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அவசரக்காரர்கள் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பார்கள். உள்ளே 27, 30 டிகிரி வரும், ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்படி வைத்தால் ஓவன் பட்டன் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள். உள்ளே மாவு இருப்பதை மறந்து ஓவனைச் சூடேற்றிப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சுட்டவர்கள் நிறையப் பேர். தைப்பவர்களுக்கு மெதுவான உப்பலே மேல். ரொட்டிக்கு மணமும் கூடும், கையில் இரண்டரை மணி நேரமும் தொடர்ந்து கிடைக்கும்.

அந்த நேரத்துக்கு உரியது வெட்டுவதும் பட்டி தைப்பதும். இரண்டுமே பாதியில் எழுந்தால் பிழை வரும் வேலைகள். முதலில் கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். பிசைந்த மாவில் வெண்ணெய் இருக்கிறது, வெளிர்நிறப் பருத்தி அதைக் காத்திருந்து உறிஞ்சும். வெட்டுவதற்கு 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), 6க்கு 24 அங்குல ரூலர், அடியில் வெட்டு விரிப்பான மேட். சாப்பாட்டு மேசையில்தான் பிசைவதும் வெட்டுவதும் என்றால் மேட்டை விரிக்கும் முன் மேசையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். மாவுப் பொடி இருந்தால் ரூலர் வழுக்கும். மேட்டைப் பற்றி இன்னொன்று: சூடு அதற்கு எமன். ரேடியேட்டர் பக்கம் சாய்த்து வைப்பது, தரையில் சூடு ஊதும் துவாரத்தின் மேல் போடுவது, வேலைக்கு நடுவே டீக் கோப்பையை அதன்மேல் வைப்பது, எல்லாம் அதை நெளிய வைக்கும். நெளிந்த மேட் திரும்ப நேராகாது. ஓவனிலிருந்து எடுத்த டின்னை அதன்மேல் வைத்தால் கதை அன்றோடு முடிந்தது.

கட்டர் ஓடும்போது இடையிடையே ஓரிரண்டு இழை வெட்டுப்படாமல் நின்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குண்டூசி மேல் ஏறியிருக்கும். அழுத்தி வெட்டிச் சமாளிக்காதீர்கள். அழுத்தும்போது ரூலர் நகரும், பட்டி நடுவில் வளையும்.

பட்டிகளை மூன்று மூன்றாகத் தைக்க வேண்டும். அடர், வெளிர், அடர் என்று 5 தொகுதி. வெளிர், அடர், வெளிர் என்று 3 தொகுதி. பிறகு ஒவ்வொன்றையும் குறுக்கே 2½ அங்குலமாக வெட்டினால் ஒரு தொகுதியில் 16 துண்டு வரும். ஒரு பிளாக்குக்கு முதல் வகையில் இரண்டு, இரண்டாம் வகையில் ஒன்று. 80 துண்டும் 40 துண்டும் இப்படித்தான் வருகின்றன. இரண்டாம் வகையில் 8 மிஞ்சும், பின்பக்கத்தில் எங்காவது சேர்த்துவிடலாம். பட்டி தைக்க 80 எண் ஊசி, 50 எண் பருத்தி நூல், தையல் நீளம் 2 மில்லிமீட்டர். வழக்கமான 2.5இல் தைத்தால் குறுக்கே வெட்டிய பிறகு ஓரங்களில் தையல் அவிழத் தொடங்கும்.

தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். குயில்ட்டில் மன்னிப்பே இல்லாத இடம் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூட விட்டால் இரண்டு துணியிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும். நைன் பேட்ச் பிளாக்கின் குறுக்கே இரண்டு தையல். ஆக 6½ அங்குலம் வர வேண்டிய பிளாக் 6¼ஆக வரும். பக்கத்தில் நிற்கப் போகும் முழுச் சதுரம் மட்டும் வெட்டியபடி 6½ஆகவே இருக்கும். இரண்டையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் குயில்ட் முழுக்க அலை எழும்பும். துணி மடியும் இடத்திலும் ஓரிரு இழை தின்னும் என்பதால் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தைப்பதே சரி. மெஷினில் போட்டிருக்கும் கோட்டை நம்பாமல் சோதியுங்கள்: 1½ அங்குலப் பட்டி மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டால் நடுப்பட்டி மிகச் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்தம் 3½. குறைந்தால் ஊசியை ஒரு படி வலப்பக்கம் தள்ளுங்கள். இல்லாவிட்டால், துணி உரசிக்கொண்டு போக மெஷின் தட்டில் ஒட்டியிருக்கும் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள்.

இப்படிச் சொன்னால் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்டை நினைவூட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஊர்க் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் மிச்சத் துணிகளையும் வெட்டிக் குளிருக்குத் தைத்துக்கொண்ட குயில்ட்டுகளில் நேர்கோடு அபூர்வம். அவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளாகவும் வந்தன. உண்மைதான். ஆனால் அவர்கள் முதல் துண்டு எப்படி வளைந்ததோ அதைப் பார்த்து அடுத்த துண்டை வெட்டினார்கள். 2½ அங்குலத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி அடுக்கிவிட்டு, தைக்கும்போது மட்டும் கையை அவிழ்த்துவிட்டால் இரண்டும் கெட்டான்தான்.

குளிர் அறையில் கிடந்த மெஷினை எடுத்ததும் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு, ஊசியில் நூல் கோக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு நின்றால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்: துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்காமல் கோத்திருப்பீர்கள், நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்தாலே சரியாகிவிடும்.

ஒரு வீட்டுக் கணக்கு இங்கே சொல்லியாக வேண்டும். படுக்கை அறைகளின் சாதாரண சர்க்யூட் 15 ஆம்பியர், 120 வோல்ட். மொத்தம் 1800 வாட். இஸ்திரிப்பெட்டி மட்டும் 1500க்கு மேல். கால் குளிருகிறது என்று 1500 வாட் ஹீட்டரையும் அதே அறையில் போட்டால் பிரேக்கர் விழும், கணினி மெஷினாக இருந்தால் தையல் நடுவே அணையும். இஸ்திரிக்கு வேறு சர்க்யூட்டில் இடம் பாருங்கள்; காலுக்குக் கம்பளிக் காலுறை போதும்.

இதற்குள் மாவு இரட்டித்திருக்கும். விரலில் மாவு தொட்டு அரை அங்குலம் குத்துங்கள். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, அரைகுறையாக எழுந்தால் பதம். எழாமலே நின்றால் எல்லை தாண்டியாயிற்று. காற்றைத் தட்டி, செவ்வகமாக விரித்து, இறுக்கமாகச் சுருட்டி, மூட்டுப்பக்கம் கீழே வருவதுபோல் டின்னில் வையுங்கள். பத்து நிமிட வேலை. பிறகு மூடி ஒன்றேகால் மணி நேரம். மாவு டின் விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே வர வேண்டும்.

இந்த இரண்டாம் இடைவெளி இஸ்திரிக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியது, எந்தத் துண்டோடும் நிறுத்தலாம். தைத்த பட்டியை விரிக்காமல் அப்படியே ஒரு முறை அழுத்துங்கள், தையல் துணிக்குள் உட்காரும். பிறகு விரித்து, தையல் மடிப்பை அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் ஓட்டினால் பட்டி வில்லாக வளையும். பெட்டியைத் தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். எப்போதும் அடர்நிறப் பக்கம் என்றால் முதல் வகைத் தொகுதியில் மடிப்புகள் வெளியே பார்க்கும், இரண்டாம் வகையில் உள்ளே பார்க்கும். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மூலைகள் குண்டூசி இல்லாமலே சரியாகப் பொருந்தும். வரிசை சேர்க்கும்போதும் இதே தந்திரம்: எல்லா மடிப்பையும் முழுச் சதுரத்தின் பக்கம் சாய்த்தால் அடுத்தடுத்த வரிசைகள் தாமாகவே எதிரெதிராக அமையும். ஒவ்வொரு வரிசையும் 48½ அங்குலம். 48 வந்தால் கால் அங்குலச் சோதனையைத் தவிர்த்துவிட்டீர்கள் என்று தெரிகிறது.

மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும் மாதங்களில் பிளாக்குகளை வரிசையில் அடுக்குவதை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், கிரீமும் வெள்ளையும் அப்படியே. வேறு வழியில்லை என்றால் 5000 கெல்வின் பல்பு ஒன்று தையல் மேசைக்கு மேல்.

ரொட்டி ஓவனில் 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். சமையலறையை விட்டு நகரக்கூடாத நேரம் இது. நூல் முனை வெட்டுவது, பாபின் சுற்றுவது, கையால் ஓரப்பட்டி தைப்பது எல்லாம் இதற்கு. மேலே சிவந்துவிட்டதே என்று எடுக்காதீர்கள். வெப்பமானியை நடுவில் குத்தினால் 93 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் டின்னிலிருந்து கவிழ்த்துக் கம்பித்தட்டில் வையுங்கள். சூடாக வெட்டினால் நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும். அது வேகாததால் அல்ல, உள்ளே ஆவி அடங்காததால். இரண்டு மணி நேரம் கை வைக்காமல் இருப்பது பிசைவதைவிடக் கஷ்டம். இறுகிப்போய் கனமாக வந்தால் இரண்டாம் உப்பல் போதவில்லை. ஓவனில் ஏறி நடுவில் குழிந்தால் உப்பல் மிஞ்சிவிட்டது.

தையலோடு ஒத்துவராத பேக்கிங்கும் உண்டு. குக்கீ மிக மோசம்: 12 நிமிடத்துக்கு ஒரு தட்டு மாற்ற வேண்டும், ஒரு வரிசைகூட முழுதாகத் தைக்க முடியாது, கை முழுக்க வெண்ணெய். வாழைப்பழ ரொட்டி பரவாயில்லை; கலக்கப் பத்து நிமிடம், 175 டிகிரியில் ஒரு மணி நேரம். ஷார்ட்பிரெட் வேண்டுமானால் 100 சர்க்கரை, 200 வெண்ணெய், 300 மைதா என்று பிசைந்து ஒரே தட்டில் தட்டி, 160 டிகிரியில் ஓரம் பொன்னிறமாகும்வரை சுட்டு, சூட்டோடு துண்டு போட்டுவிடுங்கள். துணியில் வெண்ணெய் பட்டுவிட்டால் அதன்மேல் இஸ்திரி வைக்கக்கூடாது. சூட்டில் கறை நிலைத்துவிடும். சோளமாவு தூவி உறிஞ்சவிட்டு, தட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி தேய்த்துக் கழுவினால் போகும்.

மூன்று அடுக்கையும் ஒன்றாக்குவது ரொட்டி சுடாத நாளில். மேசை முழுதும் வேண்டும், இரண்டு மணி நேரம் குனிய வேண்டும். பேட்டிங்கைப் பையிலிருந்து எடுத்தால் மடிப்புகள் இரும்புபோல் நிற்கும். முதல் நாளே விரித்துப் போடுங்கள், அல்லது ட்ரையரில் ஓர் ஈரத் துண்டோடு குறைந்த சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பருத்தி அதிகமுள்ள 80க்கு 20 கலவை இந்த வேலைக்கு நல்லது. முழு பாலியஸ்டர் பேட்டிங்கை ஜனவரிக் காற்றில் விரித்துப் பாருங்கள்: வீட்டில் உள்ள அத்தனை நூல் துணுக்கையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், வெளிர்நிறத் துணிக்குள்ளிருந்து அவை நிழலாகத் தெரியும். அறையில் ஈரப்பதம் 30, 35 சதவீதம் இருந்தால் இந்த ஒட்டல் குறையும். அதற்குமேல் ஏற்றினால் கடுங்குளிர் நாளில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியத் தொடங்கும்; ஜன்னலோரம் துணி அடுக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்ப்ரே பசை வேகமாக வேலையை முடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், ஜன்னலைத் திறந்து வைத்து அடிக்க வேண்டியது. மைனஸ் 15இல் யார் திறப்பார்கள்? சமையலறையில் கேஸ் அடுப்பு வேறு. குளிர்காலத்துக்கு வளைந்த சேஃப்டி பின்தான். பேஸ்மென்ட் சிமென்ட் தரையில் டேப் ஒட்டாது, முழங்காலும் தாங்காது. சாப்பாட்டு மேசையே மேல். அடித்துணியைக் கெட்ட பக்கம் (வெளியே தெரியாத பக்கம்) மேலாக விரித்து மேசை விளிம்பில் பைண்டர் கிளிப்புகளால் பிடியுங்கள். சுருக்கம் இருக்கக்கூடாது, இழுத்தும் கட்டக்கூடாது. இழுத்துக் கட்டிய துணி கிளிப்பை எடுத்ததும் பழைய நிலைக்குச் சுருங்கி, மேல்துணியைக் கொசுவவைக்கும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி 4 அங்குலத்துக்கு ஒரு பின். இந்த அளவுக்கு ஏறக்குறைய 180 பின் ஆகும். குறைத்துக் குத்தினால் பின்பக்கம் மடிப்பு விழும். அது தைத்து முடித்துத் திருப்பிய பிறகுதான் தெரியும்.

தைக்க, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட். சாதாரண ஃபுட்டில் கீழேயுள்ள பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். ஊசி 90 எண், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி நேர்கோடு. குறிக்க வேண்டியதே இல்லை, ஃபுட்டின் விளிம்பே வழிகாட்டும். நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்றால் இடையில் துணி சாய்வாக முறுக்கிக்கொள்ளும். குயில்ட்டின் கனம் மேசையை விட்டுத் தொங்கினால் தையல் குட்டிக் குட்டியாக விழும். இடப்பக்கமும் பின்னாலும் மேசையோ நாற்காலியோ போட்டுத் தாங்கவிடுங்கள். இரண்டு மூன்று பாபின் தீர்ந்ததும் தட்டைக் கழற்றிப் பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். ஊதினால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

ஓரப்பட்டிக்கு 2½ அங்குலப் பட்டி 6, முனைகளைச் சாய்வாக ஒட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி. சுற்றளவு 216 அங்குலம், மூலைக்கும் முடிவுக்கும் சேர்த்து 228 இருந்தால் போதும். முன்பக்கம் மெஷினில் கால் அங்குலத்தில் தைத்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்துங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு நேராகக் கீழே மடித்து, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மூலைவரை ஓட்டிவிட்டால் பின்பக்கம் திருப்பும்போது மடிப்பு விழாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். பின்பக்கம் கைத்தையல். மூன்று நான்கு ரொட்டிகளின் ஓவன் நேரம் இதற்குப் போகும்.

முதல் சலவை குளிர்ந்த தண்ணீரில், சாயம் பிடிக்கும் தாள் ஒன்றைப் போட்டு. சிவப்பும் கருநீலமும் இருந்தால் வெட்டும் முன்பே எல்லாத் துணியையும் தோய்த்திருக்க வேண்டும். சிலதைத் தோய்த்து சிலதை விட்டால் சுருக்கம் ஒரு சீராக வராது. பருத்தி பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கம்தான் பழைய குயில்ட்டின் சாயலைத் தருவது. சாயம் இறங்கிவிட்டது தெரிந்தால் ட்ரையரில் போடாமல், அகலமான தொட்டியில் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்புத்தூளும் சேர்த்து ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். ஈரக் குயில்ட்டை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே தையல்களை இழுக்கும். பேஸ்மென்ட்டில் இரண்டு கொடிக்கு நடுவே பரப்பிப் போடலாம், இல்லையென்றால் ட்ரையரில் குறைந்த சூட்டில் பாதி காயவிட்டு மீதியைக் கட்டில்மேல் விரித்துக் காயவையுங்கள்.